அரைவாசி

தொட்டியில் நீர் பூச்சியம் என்றது திரை.

தடியை உள்ளே விட்டுப் பார்த்த ஐயா, "அரைவாசி நிற்கிறது தம்பி" என்றார்.

முறிகண்டிப் பக்கம் ஒரு அரிசி ஆலை. என் பழுதுபார்ப்பு வானைத் திறந்து, மின் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தால், அதன் மில்லியம்பியர் பியூஸ் எரிந்திருக்கிறது. தொட்டியின் உணரி நீர்மட்டத்தை 4 முதல் 20 மில்லியம்பியர் மின்னோட்டமாகத்தான் திரைக்கு அனுப்பும்; அந்த பியூஸ் இல்லாமல் அதை நேரே அளக்க முடியாது. நேற்றுச் சிவப்பு முனையை மின்னோட்டத் துளையிலேயே விட்டுவிட்டு வோல்ட் அளந்தது நான்தான். உதவிக்கு வரும் பையன்மேல் பழி போட மனம் வரவில்லை. கொஞ்சம் வந்தது.

மாற்று பியூஸ் இல்லை. வவுனியாவுக்கு ஓடினால் அரை நாள் போய்விடும்.

இலாச்சியின் அடியில் ஒரு 250 ஓம் தடையி கிடந்தது. திரைக்குப் போகும் இரண்டு வயர்களையும் கழற்றி, நடுவே அதைப் பொருத்தினேன். தடையி மின்னோட்டத்தை வோல்ட்டாகக் காட்டும்; வோல்ட் அளக்க அந்த பியூஸ் வேண்டாம். 4 மில்லியம்பியர் வந்தால் 1 வோல்ட், வெறும் தொட்டி. 20 வந்தால் 5 வோல்ட், நிறைந்த தொட்டி.

மீட்டர் 3 வோல்ட் காட்டியது.

அதாவது 12 மில்லியம்பியர். சரியாக அரைவாசி! உணரியும் வயரும் நலம். பழுது திரையின் உள்ளீட்டில்.

ஐயா சிரிக்கவில்லை. தடியைத் துடைத்துச் சுவரில் சாத்திவிட்டு, தேநீர் சொல்லப் போனார்.

வானில் விலை கூடிய கருவிகளுக்கு மட்டும் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். வன்னியில் ஒரு நாளைக் காப்பாற்றுவது இலாச்சியின் அடியில் கிடப்பதுதான்.

நாளை பத்து பியூஸ் வாங்க வேண்டும். ஒரு தடியும்.