300 கில்டர்

ஆம்ஸ்டர்டாமின் ஊஸ்டர்பார்க் பூங்காவில், அடிமை முறை நினைவுச்சின்னத்தின் முன் இன்று ஒரு சூரினாம் மூதாட்டி, பேத்திக்குத் தலைத்துணி மடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். வாய் திறக்க முடியாத காலத்தில் அந்த மடிப்புகளே சேதி சொல்லுமாம்.

தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சூரினாமில் 1863 ஜூலை 1 அன்று அடிமை முறை ஒழிந்தது. அடிமை ஒருவருக்கு 300 கில்டர் (டச்சு நாணயம்) இழப்பீடு.

வாங்கியவர்கள் எசமானர்கள்.

விடுதலை பெற்றவர்களோ மேலும் 10 ஆண்டுகள் தோட்டங்களில் கட்டாயமாக உழைத்தார்கள்.

சூரினாமை ஆண்ட நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்கே சொந்தம். ஆய்வாளர்களை அமர்த்தித் தன் பழங்கணக்கைப் புரட்டிய பிறகே, 2021இல் இதே பூங்காவில் மேயர் ஃபெம்கே ஹல்செமா மன்னிப்புக் கேட்டார்.

158 ஆண்டுகள்!

பழவேற்காட்டிலிருந்தும் டச்சுக் கப்பல்கள் நம் மக்களை அடிமைகளாக ஏற்றிச் சென்றன. அவர்களை நினைத்தபடியே நின்றிருந்தேன்.

பேத்தி ஒரு மடிப்பைத் தவறவிட்டாள். பாட்டி துணியைப் பிரித்து, முதலிலிருந்து தொடங்கினார்.