அண்ணன் சொன்னா கேட்டுக்கோ

எங்கள் ஃபேக்டரி லைனில் சூப்பர்வைசர் ஒருவர், தலைவர் வேறொருவர். தலைவரை எல்லாரும் அண்ணன் என்போம். தலைவருக்குப் பதவி எதுவும் கிடையாது, அவரும் ஆபரேட்டர்தான். ஆனால் டீ கேன் வந்தால் அவர்தான் ஊற்றுவார். முதல் டம்ளர் யாருக்கு, கடைசி யாருக்கு என்பதிலேயே அன்றைய நிலவரம் தெரிந்துவிடும்.

ஐடிஐ முடித்து வந்த பையன் ஷிப்டுக்கு 140 பீஸ் ஓட்டினான். நாங்கள் 110. மெஷின் ஓடும் நேரம் எல்லாருக்கும் ஒன்றுதான். அவனோ கதவு திறக்கும் முன்பே அடுத்த பீஸைத் துடைத்து இடது கையில் வைத்திருப்பான். வலது கை பழையதைக் கழற்றும்போதே புதியது, மெஷினில் பீஸைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் உட்கார்ந்துவிடும். பார்க்கவே அழகு.

அன்று அவனுக்குக் கடைசி டம்ளர்.

“தம்பி, வருஷம் பூரா இதே மாதிரி ஓட்டுவியா?” என்றார் அண்ணன். பையன் என்னைப் பார்த்தான்.

“அண்ணன் சொன்னா கேட்டுக்கோ” என்றேன். மறுநாள் 112.

வேறென்ன சொல்வது? அவன் வேகத்தைப் பார்த்து கம்பெனி எல்லாருக்கும் டார்கெட்டை ஏற்றினால் முட்டிவலியோடு நைட் ஷிப்ட் பார்க்கிறவர்கள் எங்கே போவார்கள்? சொன்னது சரி என்றுதான் இப்போதும் வாதாடுவேன்.

சிகாகோ பக்கம் ஹாதார்ன் தொழிற்சாலையில், 1931-32இல், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கருவிகளுக்கு ஒயர் இணைக்கும் வேலையில் இருந்த 14 பேர் குழுவை ஆய்வாளர் ஒருவர் கூடவே உட்கார்ந்து கவனித்ததைப் பிறகு படித்தேன். வேகமாக முடிப்பவனுக்குக் கூட்டாளிகளே புஜத்தில் ஒரு குத்து விடுவார்களாம். கம்பெனி கூலி ரேட்டைக் குறைத்துவிடும் என்று, எங்களைப் போலவே பயம். ஆனால் அப்படி ஒன்று தனக்கு நடந்ததாகச் சொல்ல அங்கே ஆளே இல்லை.

எங்கள் கம்பெனியில் டார்கெட்டை ஏற்றிய கதை எனக்கு அத்துப்படி. நான் சேருவதற்கு முன்னால் நடந்தது. எனக்குச் சொன்னவர் அண்ணன்.

அதனால் அது பொய் என்று ஆகிவிடாது. அவசரத்துக்கு அவரிடம் பணம் வாங்காத ஆள் லைனில் இல்லை. ஆஸ்பத்திரி என்றால் முதலில் வண்டி எடுப்பவரும் அவர்தான். அவர் பேச்சுக்கு மதிப்பு சும்மா வந்ததா என்ன?

எனக்குப் பிடிபடாதது பையன் பார்த்த பார்வைதான். நான் சூப்பர்வைசரும் இல்லை, தலைவரும் இல்லை. அத்தனை பேரில் என்னை ஏன் பார்க்க வேண்டும்? முந்தின நாள் அவன் கைவேகத்தை மெச்சியது நான்தான் என்பதாலா?

இப்போது அவன் வேறு கம்பெனியில் இருக்கிறான். சம்பளம் மூவாயிரம் அதிகமாம். அந்தப் பணத்துக்கு நானே போயிருப்பேன். அதனால் அவன் போனதை இதோடு முடிச்சுப் போடவும் மனசு வரவில்லை.