காது கேட்காத மணியோடு 84 நாள்

மணிக்கு வயது இரண்டு. ராஜபாளையம் நாய். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு, நீண்ட கால்கள். உறவினர் ஒருவர் வாடகை வீட்டுக்கு மாறும்போது எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். "நல்ல காவல் நாய்தான். ஆனா திமிர் ஜாஸ்தி, கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்காது" என்று சொல்லித்தான் கயிற்றைக் கையில் கொடுத்தார்.

முதல் ஐந்து நாளும் அப்படித்தான் தெரிந்தது. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்வான். சோற்றை வைத்துவிட்டு நாங்கள் உள்ளே போன பிறகுதான் தட்டருகே வருவான். மணி, மணி என்று தொண்டை வலிக்கக் கூப்பிட்டாலும் ஒரு அசைவு இருக்காது.

6-ம் நாள் காலையில் அம்மாதான் கண்டுபிடித்தார். அடுப்படி வாசலில் மணி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். குக்கர் மூன்று விசில் அடித்தது. அவன் காது மடல்கூட ஆடவில்லை. "டேய், இவனுக்குக் காது கேக்கலடா" என்றார் அம்மா. நானும் சோதித்துப் பார்த்தேன். தூங்கும்போது பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினேன், ஒன்றும் இல்லை. தரையில் காலை ஓங்கி மிதித்தேன், அதிர்வில் விழித்துக்கொண்டான்.

கால்நடை மருத்துவர் காதைப் பார்த்துவிட்டு, புண்ணோ அழுக்கோ இல்லை, பிறவியிலேயே இப்படி இருக்கலாம் என்றார். நிறம் தருகிற செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டுமாம். முழு வெள்ளை நாய்களில் சிலவற்றுக்கு அவை அங்கே இல்லாமல் போய்விடும். அப்போது பிறந்த சில வாரங்களிலேயே உள்காதில் ஒலியை உணரும் செல்கள் கெட்டுவிடும். உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி போட்ட டால்மேஷியன் நாய்களிலும் இதைப் பார்க்கலாம் என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு மனசு ஆறவில்லை. இரண்டு வருஷம் இவனை எல்லோரும் திமிர் பிடித்தவன் என்று திட்டியிருக்கிறார்கள்.

அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். கூப்பிட்டு வரவழைக்க வழியில்லை என்றால், அவனாக என் முகத்தைப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

காலைச் சாப்பாட்டில் பாதியைத் தட்டில் வைப்பதை நிறுத்தினேன். அவித்த கோழி ஈரல், முட்டை, இவற்றைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி ஒரு டப்பாவில் 60 துண்டு. திண்ணைப் படியில் பக்கவாட்டாக உட்காருவேன். பழகாத நாயை நேருக்கு நேர் முறைத்துப் பார்த்தால் அது மிரட்டலாகத்தான் படும். தொட மாட்டேன், டப்பாவை ஆட்ட மாட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்தால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு ஒரு துண்டு. அவ்வளவுதான்.

9-ம் நாள்: 20 நிமிடத்தில் இரண்டு பார்வை. அந்த முதல் பார்வை நன்றாக நினைவிருக்கிறது. டப்பாவைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், வாசல் கேட்டைப் பார்த்தான், மூக்கை நக்கிக்கொண்டான். பிறகு ஒரே ஒரு நொடி கண்ணை மேலே தூக்கினான். தேன் நிறக் கண். கட்டைவிரலைக் காட்டும்போது என் கை நடுங்கியது.

15-ம் நாள்: பதினொன்று.

19-ம் நாள் ஒரு பின்னடைவு. தூங்கிக்கொண்டிருந்தவனின் முதுகைப் பாசத்தில் தடவிவிட்டேன். துள்ளி எழுந்து மணிக்கட்டைக் கவ்விவிட்டான், பல் லேசாகக் கீறிவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது. வருகிற காலடியே கேட்காதவனுக்கு, அது திடீரென்று இருட்டில் விழுந்த அடி மாதிரி. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினேன். அவனுக்குத் தடுப்பூசி போட்டிருந்தும், ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசியும் போட்டுக்கொண்டேன். இதில் யாரும் அலட்சியமாக இருக்காதீர்கள்.

மறுநாளிலிருந்து எழுப்பும் பழக்கத்தை ஆரம்பித்தேன். முதலில் விழித்திருக்கும்போது தோளில் ஒரு தொடல், உடனே ஒரு துண்டு ஈரல். ஒரு வாரம் இதுதான். பிறகு கண் சொருகும் நேரத்தில், மூக்குக்கு முன்னால் கையை வைத்து மோப்பம் பிடிக்கவிட்டு, அதே தோளில் அதே மாதிரி தொடல். 50-ம் நாள் வாக்கில் கண்ணைத் திறக்கும் முன்பே வால் தரையைத் தட்ட ஆரம்பித்தது.

சைகைகள் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்தன. இரண்டு கையையும் விரித்து நெஞ்சுக்கு இழுத்தால் வா. உள்ளங்கையைத் தரை பக்கம் இறக்கினால் படு. ராத்திரி தோட்டத்திலிருந்து கூப்பிட வாசல் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுகிறோம். ஆனால் டார்ச் வெளிச்சத்தைத் தரையில் ஓடவிட்டு விளையாட்டுக் காட்டக் கூடாது. சில நாய்கள் அந்த வெளிச்சத்தின் பின்னாலேயே பைத்தியமாகிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் தந்த சைகை என் மகள் சொன்னது. "அப்பா, நீங்க எழுந்து போறது அவனுக்குத் தெரியவே மாட்டேங்குது, முழிச்சுப் பார்த்தா நீங்க இல்ல. போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போங்க" என்றாள். அன்றிலிருந்து அறையை விட்டு யார் போனாலும் அவனுக்கு உள்ளங்கையைக் காட்டிவிட்டுத்தான் போகிறோம். பத்தே நாளில் வீடு முழுக்கப் பதறித் தேடுவது நின்றுவிட்டது.

காலை ஐந்தரைக்குக் கண்மாய்க் கரையில் நடை. கழுத்து பெல்ட்டுக்குப் பதில் மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ், 10 மீட்டர் பருத்தி நாடா. லாரி ஹாரன் கேட்காதவனை எந்தக் காரணத்துக்கும் அவிழ்த்துவிடுவதில்லை. ஒரு கரண்ட் கம்பத்தை நான்கு நிமிடம் மோந்தாலும் காத்து நிற்கிறேன், இழுப்பதில்லை. மோந்து முடித்ததும் திரும்பி என்னைப் பார்க்கிறான். எண்ணிக்கை எழுதுவதை 40-ம் நாளோடு விட்டுவிட்டேன், அவ்வளவு தடவை பார்க்கிறான்.

ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தில் நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். நெடுநேரம் பார்த்துக்கொண்ட ஜோடிகளில் இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் கூடியிருந்தது. தாய்க்கும் குழந்தைக்கும் நடுவே சுரக்கிற அதே ஹார்மோன். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அது நடக்கவில்லை. திண்ணைப் படியில் எனக்கு நடந்ததும் அதுதான் என்று நம்புகிறேன்.

ராஜபாளையம் நாய்கள் ஒரே ஆளோடு ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். அது வேண்டாம் என்று அம்மா, மனைவி, மகள் எல்லோர் கையிலும் டப்பா கொடுத்தேன். இப்போது மத்தியானம் முழுக்க அம்மாவின் நாற்காலிக்கு அடியில்தான் கிடை.

நேற்று, 83-ம் நாள் ராத்திரி, மழையில் கரண்ட் போய்விட்டது. கும்மிருட்டு. சைகை எதுவும் அவனுக்குத் தெரியாதே என்று திண்ணையில் தவித்துக்கொண்டிருந்தேன். ஈர மூக்கு ஒன்று என் முழங்காலைத் தேடி வந்து தொட்டது. பிறகு முழு உடம்பையும் என் மேல் சாய்த்துக்கொண்டு நின்றான். உயர்த்திக் காட்ட முடியாத கட்டைவிரலை அவன் நெற்றியில் வைத்து மெதுவாக அழுத்தினேன். அம்மா மெழுகுவத்தி கொண்டுவரும் வரை இருவரும் அப்படியே இருந்தோம்.