ஜிபே சொன்ன கணக்கு

கட்டுப்பாடில்லாமல் தின்றது போன மாதத்தில் எத்தனை தடவை என்று டாக்டர் கேட்டார். இரண்டோ மூன்றோ இருக்கும் என்றேன். அவர் எதுவும் எழுதவில்லை, பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, போனை எடுத்து ஜிபேயைத் திறந்தேன். பேக்கரி, 340. பேக்கரி, 415. பரோட்டாக் கடை, 280. மறுபடி அதே பேக்கரி, இரவு 10.50, 390. எண்ணிப் பார்த்தால் பதினொன்று. அத்தனையும் நான் ஒருத்தன் தின்றது.

எனக்கு வயது 41. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஆர்டர்களைக் கவனிக்கிற வேலை. எங்கள் பக்கம் நூறடிக்கு ஒரு பேக்கரி இருக்கும். தேங்காய் பன், பப்ஸ், ஹனி கேக் என்று ராத்திரி வெகுநேரம் வரை கண்ணாடிக்குள் விளக்கு எரியும். ஆபீஸ் முடிந்து வரும்போது ஏதாவது ஒன்றில் வண்டியை நிறுத்துவேன். ஒரே கடைக்கு அடுத்தடுத்த நாள் போவதில்லை. கடைக்காரர் கேட்காமலே "வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க" என்று சொல்லி நாலு பப்ஸ், இரண்டு தேங்காய் பன், நாலு ஹனி கேக், கால் கிலோ மிக்சர் வாங்குவேன். ஒரு பழைய சாயப்பட்டறைச் சுவரோரம் வண்டியை ஓரங்கட்டி இருபது நிமிடத்தில் முடித்துவிடுவேன். முதல் பப்ஸோடு ருசி போய்விடும். அப்புறம் கை தானாகப் போகும், வாய் தானாக மெல்லும். போதும்டா என்று உள்ளே ஒருத்தன் சொல்லிக்கொண்டே இருப்பான், கேட்கத்தான் ஆள் இருக்காது. கவர்களை வேறு தெருக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் மனைவி தோசை ஊற்றுவாள். அதையும் சாப்பிடுவேன். சாப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்பாளே.

உதவி கேட்காதவன் இல்லை நான். பதினைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், பாதிக் கதையை மறைத்துவிட்டு. ஜிம், டயட் சார்ட், பேலியோ எல்லாம் பார்த்தாயிற்று. பேலியோவில் நாலே மாதத்தில் 14 கிலோ இறங்கினேன், வாட்ஸ்அப் குழுவில் கைதட்டினார்கள். ஐந்தாம் மாதம் ஒரு கல்யாண வீட்டில் ஒரே ஒரு ஜிலேபி. அன்று ராத்திரியே சாயப்பட்டறைச் சுவர். வருடம் முடிவதற்குள் 19 கிலோ ஏறியது. ஒரு டயட்டீஷியன் நான் எழுதிக் கொடுத்த பகல் சாப்பாட்டைப் பார்த்துவிட்டு, இவ்வளவு கம்மியாகச் சாப்பிட்டு எப்படி எடை ஏறுகிறது, தைராய்டு பாருங்கள் என்றார். பார்த்தேன். நார்மல். தைராய்டு நார்மல் என்று வந்ததற்காக வருத்தப்பட்ட ஆள் அநேகமாக நானாகத்தான் இருப்பேன்.

பாப்பாவின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு கிலோ கேக் வாங்கினோம். அவள் பெயர் எழுதியிருந்த துண்டை மட்டும் தனியாக டப்பாவில் போட்டு, நாளைக்குச் சாப்பிடுவேன் என்று பிரிட்ஜில் வைத்தாள். ராத்திரி இரண்டு மணிக்கு மீதிக் கேக் முழுவதையும் தின்றேன். அப்புறம் அந்த டப்பாவையும் திறந்தேன். காலையில் அவள் கேட்டபோது, "எறும்பு ஏறிடுச்சு கண்ணு, அப்பா தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன். பிரிட்ஜுக்குள் எப்படி எறும்பு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அன்று மதியம் கம்பெனி மொட்டைமாடியில், ஜெனரேட்டர் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு 14416-க்குப் போன் போட்டேன். டெலி மானஸ். அரசாங்கம் 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண், இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். இதுக்கெல்லாம் உங்களுக்குப் போன் பண்ணலாமாங்க என்றுதான் ஆரம்பித்தேன். எதிர்முனையில் பேசிய பெண் அவசரப்படவில்லை. வழக்கத்தைவிட வேகமாகச் சாப்பிடுகிறீர்களா? பசி இல்லாதபோதும்? வயிறு வலிக்கிற வரைக்கும்? தனியாக, யாருக்கும் தெரியாமல்? முடிந்ததும் உங்கள் மேலேயே அருவருப்பு வருகிறதா? சுவருக்குப் பின்னால் நின்று இத்தனை நாள் என்னைப் பார்த்தவர் கேட்கிற மாதிரி இருந்தது. மனநல மருத்துவரைப் பாருங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே அதற்கு ஓ.பி. இருக்கிறது என்றார். திருப்பூரில் தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுவேன் என்ற பயத்தில், ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் கோவைக்குப் போனேன். தனியார் டாக்டர்தான்.

பெயர் அங்கேதான் தெரிந்தது. பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர். வாரம் ஒரு தடவையாவது, மூன்று மாதமாவது இப்படி நடந்தால், அதோடு கை கட்டுப்பாட்டில் இல்லாத அந்த உணர்வும் இருந்தால் இந்தப் பெயரை வைப்பார்களாம். தின்றதை வாந்தி எடுத்து வெளியேற்றுகிற பழக்கம் இருந்தால் அது வேறு நோய். ஆல்பர்ட் ஸ்டங்கார்டு என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1959-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் தனி நோயாக ஏறியது 2013-இல்தான், அதுவரை பின்னிணைப்பில் கிடந்ததாம். நான் முதல் தடவை அந்தச் சுவரோரம் வண்டியை நிறுத்தியது 2008-இல். எனக்கு இதைக் கேட்டதும் ஆறுதலாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தச் சொல்லுவார் என்று நினைத்திருந்தேன். காலையில் சாப்பிடுங்கள் என்றார். மூன்று வேளை சாப்பாடு, நடுவில் இரண்டு தடவை ஏதாவது தின்பண்டம், நாலு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக் கூடாது. எடையை வாரம் ஒரு தடவை பார்த்தால் போதும். எனக்குக் கோபமே வந்தது. "எடை குறையத்தானே டாக்டர் வந்தேன்?" "முதல்ல இது நிக்கட்டும். அதை அப்புறம் பேசலாம்." மனச்சோர்வும் இருந்ததால் ஒரு மாத்திரை எழுதினார். வாராவாரம் ஒரு சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்கச் சொன்னார். அந்த சைக்காலஜிஸ்ட் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். கலோரிக் கணக்கு கிடையாது. என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எங்கே, அப்போது மனசில் என்ன ஓடியது, அவ்வளவுதான். ஒரு மாத நோட்டைப் புரட்டியபோது எனக்கே ஆச்சரியம். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் மெயிலில் கடித்துக் குதறிய நாள்களைவிட, டீயை மட்டும் குடித்துவிட்டு மதியச் சாப்பாட்டை விட்ட நாள்களில்தான் பேக்கரி அதிகம். பதினைந்து வருடமாக நான் கட்டுப்பாடு என்று நினைத்திருந்தது ராத்திரிக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

மனைவியிடம் சொன்னது மூன்றாவது வாரம். ஜிபேயையே காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, நான் வேற என்னமோன்னு நினைச்சேன். குடிக்கிறீங்களோன்னு தூங்கறப்ப வாயைக்கூட மோந்து பாத்திருக்கேன்" என்றாள். அழுதாள். அப்புறம், "அந்தப் புது பேக்கரில தேங்காய் பன் நல்லாவா இருக்கு?" என்றாள். சிரித்துவிட்டோம். முதல் இரண்டு வாரம் என் தட்டில் இட்லியை எண்ண ஆரம்பித்தாள். அவள் எண்ண எண்ண எனக்குத் திருட்டுத்தனம் கூடியது. சைக்காலஜிஸ்ட் அவளையும் கூப்பிட்டுப் பேசினார். இப்போது எண்ணுவதில்லை. மதியம் ஒன்றரைக்கு "சாப்டாச்சா?" என்று மெசேஜ் மட்டும் வரும். மாத்திரையைவிட இது வேலை செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது, டாக்டரிடம் சொல்லவில்லை.

அம்மாவிடம் சொல்வதாகவே இல்லை. ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. வருடா வருடம் அம்மாவோடு ஆறு நாளும் விரதம் இருப்பேன். ஏழாம் நாளிலிருந்து என்ன நடக்கும் என்பது எனக்கும் முருகனுக்கும்தான் தெரியும். இந்தத் தடவை வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும். பிஞ்ச் ஈட்டிங் என்றதும், "பிஞ்சுன்னா, பிஞ்சுக் கத்திரிக்காயா கண்ணு?" என்றார் அம்மா. விளக்கினேன். பாதிதான் புரிந்திருக்கும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உனக்கும் சேத்து நானே இருந்துக்கறேன் சாமி. நீ நேரத்துக்குச் சாப்பிடு" என்றார். அந்த ஆறு நாளும் அம்மா பாலும் பழமுமாக இருந்துகொண்டு, எனக்குக் காலையில் இட்லி அவித்துப் போட்டார்.

எட்டு மாதம் ஆகிறது. எடை இரண்டு கிலோதான் குறைந்திருக்கிறது. போன மாத ஜிபேயில் பேக்கரி இரண்டு தடவை. அதில் ஒன்று பாப்பாவோடு போனது.

இன்னொன்று போன வியாழக்கிழமை. கன்டெய்னர் கிளம்புகிற நாள், டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை, மெசேஜுக்குச் சாப்பிட்டாச்சு என்று பொய்யாக அடித்துவிட்டேன். இரவு 10.40, மூன்று பப்ஸ், ஒரு தேங்காய் பன், அதே சுவர். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன், அந்தப் பொய் மெசேஜையும் சேர்த்து. மறுநாள் காலையில் ஒன்றும் வேண்டாம் என்றுதான் வாயில் வந்தது. எட்டு மணிக்கு உட்கார்ந்து மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.