மூன்கேக் திருவிழாவுக்கு எங்கே போகலாம்?

சிங்கப்பூருக்குப் புதிதாகக் குடிவந்த நண்பர்கள் செப்டம்பர் பிறந்ததும் இதைத்தான் கேட்கிறார்கள். பௌர்ணமி அன்று மூன்கேக் என்ற இனிப்புப் பணியாரத்தைப் பகிர்ந்து சீனர்கள் கொண்டாடும் திருவிழா இது. எல்லோரும் சொல்லும் பதில் சைனாடவுன். நானும் அதைச் சொல்வேன். ஆனால் பௌர்ணமி அன்று போக வேண்டாம், கூட்டத்தில் நகரவே முடியாது. விளக்கலங்காரம் வாரக்கணக்கில் இருக்கும். நடுவில் ஒரு செவ்வாயோ புதனோ, நன்றாக இருட்டியபின் போங்கள். யூ டோங் சென் ஸ்ட்ரீட்டில் விளக்குகளைப் பார்த்துவிட்டு அப்படியே சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்கு நடந்தால், 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில். பக்கத்துத் தெருவுக்குப் பகோடா ஸ்ட்ரீட் என்று பெயர் வந்ததே நம் கோபுரத்தால்தான். திருவிழா தள்ளி வரும் ஆண்டுகளில் கோயிலில் தீமிதி ஏற்பாடுகளும் நடந்துகொண்டிருக்கும். அந்தத் தெருவில் நிற்கும்போது இந்த ஊர் மேல் எனக்குப் பிரியம் கூடிவிடும்.

மூன்கேக் வாங்க ஆர்ச்சர்ட் ரோட்டில் தாகஷிமாயா பேரங்காடியின் மூன்கேக் சந்தைக்குப் போகலாம். துண்டு துண்டாக ருசி பார்க்கக் கொடுப்பார்கள், பார்த்துவிட்டு வாங்கலாம். தாமரை விதை விழுதுக்குள் உப்பில் ஊறிய வாத்து முட்டைக் கரு வைத்ததுதான் மரபான வகை. பழைய முறையில் பன்றிக் கொழுப்பும் சேர்ப்பார்கள். பல ஆண்டுகளில் திருவிழா புரட்டாசியில்தான் வரும், அதனால் விரதம் இருப்பவர்கள் கேட்டு வாங்குங்கள். சைவ வகைகளும் கிடைக்கின்றன. எட்டாக வெட்டி, சர்க்கரை போடாத சீனத் தேநீரோடு ஒரு துண்டு சாப்பிட்டால் போதும். முழுசாகச் சாப்பிட்டால் திகட்டிவிடும்.

சரி, பௌர்ணமி இரவுக்கு? குழந்தைகளை வைத்துக்கொண்டு விசாலமான இடம் தேடினால் ஜூரோங்கின் சைனீஸ் கார்டன். 1975இல் திறந்த தோட்டம், புதுப்பித்து 2024இல் மறுபடி திறந்தார்கள். ஏரியும் ஏழு மாடி பகோடாவும் உண்டு, எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

ஆனாலும் என் ஓட்டு நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்குத்தான். இது குடும்பம் கூடி உட்காரும் திருவிழா. சீன நாட்காட்டியின் எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள், வேலை முடிந்து வந்து எல்லோரும் நிலாவுக்குக் கீழே சேர்கிறார்கள். அதை அலங்கார விளக்கில் பார்க்க முடியாது. எங்கள் மாடி சீன ஆன்ட்டி கீழே மேசை போட்டு பம்பளிமாஸ் உரிப்பார். தோலில் மேலிருந்து கீழாக நாலைந்து கீறல், பிறகு விரலை உள்ளே விட்டு, அடியில் அறுந்துவிடாமல் பூப்போல விரித்து எடுப்பார். அந்தத் தோலைத் தொப்பியாக என் மகள் தலையில் கவிழ்த்துவிட்டுத்தான் சுளையைக் கையில் கொடுப்பார். கண்ணாடித்தாள் விளக்கில் மெழுகுவத்தி ஏற்றும் பிள்ளைகள் இப்போது குறைவு, பாட்டுப் பாடும் பேட்டரி விளக்குகள்தான் அதிகம். எனக்குப் பிடித்தது மெழுகுவத்திதான். ஏற்றினால் மெழுகைப் புல்லில் சொட்ட விடாதீர்கள், மறுநாள் துப்புரவு ஊழியர்தான் சுரண்ட வேண்டியிருக்கும்.

2026இல் திருவிழா செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. இங்கே அதற்குப் பொது விடுமுறை இல்லை, ஆனால் மறுநாள் சனி என்பதால் பிள்ளைகளைச் சீக்கிரம் தூங்க வைக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக் கதவை முன்கூட்டியே தட்டி, கீழே வருகிறீர்களா என்று கேட்டு வையுங்கள்.