14 அவுன்ஸ் இறாத்தல்

"கூடைக்கு ரெண்டு கிலோ கழிக்கோணும், தம்பி."

"கூடையே ஒரு கிலோ வராதே, அண்ணை!"

இன்று காலை, திருகோணமலை கொட்பேயில் சூரை மீன் நிறுக்கிற இடம்.

கடலோடிகளின் பழைய சண்டைகளில் இந்தக் கழிவும் ஒன்று.

பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தது 1795இல். அந்தக் காலத்து அவர்களின் போர்க்கப்பலில் ஓர் இறாத்தல், அதாவது ஒரு பவுண்டு எடை, என்றால் 14 அவுன்ஸ். கரையில் 16.

மிச்சம் 2 அவுன்ஸ், களஞ்சியம் பார்ப்பவரின் கழிவு. பழுது, கசிவு என்று காரணம். பொய்யும் இல்லை: உப்பிறைச்சிப் பீப்பாய் கசியும், பிஸ்கட்டில் வண்டு விழும். ஆனால் ஒன்றும் பழுதாகாத நாளிலும் அந்த 2 அவுன்ஸ் மாலுமியின் தட்டுக்கு வராது.

சம்பளமோ 1658க்குப் பிறகு ஏறவேயில்லை.

1797 ஏப்ரல் 16. இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் என்ற நங்கூரத் துறையில் நின்ற 16 போர்க்கப்பல்களின் ஆட்கள் பாய் விரிக்க மறுத்தார்கள். கப்பலுக்கு 2 பிரதிநிதிகள். பிரெஞ்சுக் கப்பல்கள் வெளிக்கிட்டால் மட்டும் போவோம் என்றார்கள். கெட்டிக்காரர்!

ஒரு மாதம் இழுபட்டது. தேர்ந்த மாலுமிக்கு மாதம் 5 ஷில்லிங் 6 பென்ஸ் கூடியது. இறாத்தலும் 16 அவுன்ஸ் ஆனது.

சவுக்கடியை நிறுத்தச் சொல்லி மட்டும் கேட்கவில்லை.

கொட்பேயில் கடைசியில் ஒன்றரைக் கிலோ கழிந்தது.