சிதெராவை ஏன் இறக்கினேன்

"வார்த்தை கேட்கலைன்னு யார் உன்கிட்ட சொன்னது?"

ஹங்கேரியில், கவிதைகளுக்கு மெட்டமைத்துப் பாடும் ஒரு குழுவின் நிகழ்ச்சி முடிந்து கேபிள் சுருட்டும்போது, சிதெரா என்ற நாட்டுப்புறக் கம்பி வாத்தியம் வாசிக்கும் அவர்களின் மூத்தவர் கேட்டார். யாரும் சொல்லவில்லை. மிக்ஸரில் நின்ற எனக்கே தோன்றியது. சிதெராவின் ஒலியை இறக்கிப் பாடகர் மைக்கை ஏற்றினேன்.

என் கணக்கு இதுதான். சிதெராவை மேஜையில் கிடத்தி இறகுத் தண்டால் மீட்டுவார்கள். மெட்டுக் கம்பிகளோடு சுருதிக் கம்பிகளும் சேர்ந்தே அதிரும். ஹங்கேரிய மொழியில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில். கம்பியை மீட்டுவதும் பலமாக அங்கேயே விழுந்தால் சொல்லே போச்சு. அதுவும் அன்று ஏப்ரல் 11, ஹங்கேரியக் கவிஞர் யோஜெஃப் அத்திலாவின் பிறந்தநாள். நாடே கவிதை நாளாகக் கொண்டாடுவது. அன்றைக்குக் கவிதையை முன்னால் வைக்காமல் எதை வைப்பது? என்னைக் கேட்டால் இன்றும் அதுதான் சரி.

அவர் விடவில்லை. "முன்வரிசைப் பிள்ளைகள் வாயசைச்சதைப் பார்த்தியா? அவங்களுக்கு அது மனப்பாடம். நாங்க அதை என்ன பண்ணியிருக்கோம்னு கேட்க வந்தாங்க. நீ தெரிஞ்சதையே உரக்கச் சொல்லிட்டே."

வாயசைத்ததைப் பார்த்தேன். மிக்ஸிங் சரியாக இருக்கிறது என்பதற்கு அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டவன் நான்.

1969-இல் புதாபெஸ்டில் தொடங்கிய கலாக்கா குழுதான் கவிதைக்கு மெட்டமைப்பதில் இங்கே எல்லோருக்கும் மூத்தது. அவர்கள் பதிவுகளில், வெரெஷ் ஷாந்தோரின் குழந்தைக் கவிதைகளைப் பாடும்போது, குரல் முன்னால்தான் நிற்கிறது. ஆக, என் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அது ஸ்டுடியோ. அதோடு வெரெஷின் பல வரிகளில் குறிலும் நெடிலுமே தாளம். அங்கே வார்த்தையை ஏற்றினால் தாளமும் கூடவே ஏறும். அப்படியானால் நானும் அவரும் எதைப் பிரித்து வைத்துச் சண்டை போட்டோம்?

இன்னொன்றும் உறுத்துகிறது. என் ஹங்கேரிய மொழி அரைகுறை. பாடலில் பாதிச் சொல் எனக்குப் பிடிபடாது. அரங்கில் வார்த்தை கேட்காமல் தவித்த ஒரே ஆள் நான்தானோ? ஆனால் எதையும் மனப்பாடமாக அறியாத ஒருத்தர் கூடவா அந்தக் கூட்டத்தில் இல்லை? அவருக்காக யார் ஏற்றுவது?

அடுத்த மாதம் அதே குழு வருகிறது. சவுண்ட் செக்கில் அவரையே கேட்டுவிடலாம். கேட்காமல் சிதெராவை இரண்டு டெசிபல் கூட்டியும் வைக்கலாம். அவர் காதுக்கு அது தப்பாது, அதுதான் தயக்கம்.